நலம்விரும்பி மூடிய கண்ணாடிக்கடை

காலை 10.20.

காணாமல் போன கடையின் வாசலிலேயே இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். கடை திறந்துதான் இருந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடிக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சுக்குச் சொல்வதுபோல் இல்லாமல் நிஜமாகவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மாளின் கைப்பேசி சத்தியம் செய்யாத குறையாக வாசித்தது: "இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டது."

அன்று அவருக்கு விடுப்பு. காலையில் தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கண்ணாடி சரிசெய்யும் கடை எது? கேள்வி அவ்வளவுதான். இணையம் அவருக்கு மூக்குக்கண்ணாடியின் எழுநூறு ஆண்டு வரலாற்றைச் சொன்னது. வட்ட முகத்துக்கு எந்தச் சட்டம் எடுப்பாக இருக்கும் என்று பாடம் எடுத்தது. நடுவில் ஒரு விளம்பரம் வந்து மறைத்தது. அதை மூடுகிற பெருக்கல் குறி, கண்ணாடி இல்லாத கண்ணுக்குக் கொசுவளவுகூடத் தெரியவில்லை. குத்துமதிப்பாகத் தொட்டார். கைப்பேசி ஒரு தாலாட்டுச் செயலியை இறக்கிக்கொண்டு பாடத் தொடங்கியது.

பிறகு குரலால் கேட்டார். இரண்டு தெரு தள்ளி இருப்பதாகச் சொன்ன கடையில் இப்போது முடிவெட்டுகிறார்கள். திரும்பி வரும் வழியில்தான் இந்தப் பலகை கண்ணில் பட்டது. பெரிய எழுத்து, அதனால் தப்பித்தார்.

உள்ளே போய், உங்கள் கடையை மூடிவிட்டதாகக் கைப்பேசி சொல்கிறதே என்றார். கடைக்காரர் ஈ ஓட்டுவதை நிறுத்தினார்.

"இன்னிக்கு சாயங்காலம்தானே மூடறேன்? அதுக்குள்ள அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இன்ஸ்பெக்டருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுத்தது. சாவதற்கு முன்பே சாவுச் செய்தி போட்ட வழக்கு அவர் பார்த்ததில்லை. விடுப்பு போனால் போகட்டும்.

கடைக்காரர் சொன்னது இது. பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். பிழைப்பு ஓடுவது புதிதாகத் தேடி வருபவர்களால். இரண்டு மாதமாக ஒரு புது முகம்கூட இல்லை. காலம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குக் கட்டடச் சொந்தக்காரர் வருகிறார். கையெழுத்துப் போட்டால் கடை கைமாறிவிடும். அடுத்த வாரத்திலிருந்து ஒரு பெரிய கடையில் விற்பனை ஆளாக நிற்கவேண்டும்.

"இருபத்திரண்டு வருஷம் இந்த நாற்காலியில உட்கார்ந்தவன் மேடம். இனிமே இன்னொருத்தர் கடையில நிக்கணும். வீட்ல இன்னும் சொல்லலை."

"ஐந்து மணிவரைக்கும் பேனாவைத் தொடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

புது வில்லை தேய்த்து மாட்ட மாலையாகிவிடும். அதுவரை சமாளிக்க, கண் சோதனைக்கு மாட்டும் வட்ட இரும்புச் சட்டத்தில் வில்லைகளைச் செருகி அவர் மூக்கில் ஏற்றினார் கடைக்காரர். அது குக்கர் மூடி கனம் கனத்தது. ஆனால் உலகம் தெளிந்தது. முதலில் தெரிந்தது, சோதனை நாற்காலிக்கு மேலே சுவரில் தொங்கிய எழுத்துப் பலகை. எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது.

"கண்ணு இன்னும் சரியாகலையா?"

கடைக்காரர் சிரித்தார். அறை சின்னது, கண் சோதனைக்குத் தூரம் போதாது. அதனால் பலகையை உட்காருபவர் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி வைத்திருந்தார். அதில் பார்த்தால் தூரம் இரட்டிப்பாகும். எழுத்தும் நேராகத் தெரியவேண்டும் என்று திருப்பி அச்சடித்திருக்கிறது. அந்த நாற்காலியும் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியது, ஒரு விரற்கடை நகராது.

காலை 11.15.

'மூடிய கடை' என்று சொன்னது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுவும் சின்னக் கேள்விதான். ஒரு பக்கம் அவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டது. இன்னொன்றில் ஒருவர் ஏழு நிமிடம் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த காணொளியில் பார்க்கலாம் என்றார். மூன்றாவதில் யாரோ ஒரு புண்ணியவான் இதே கேள்வியை அச்சு அசலாகக் கேட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் துள்ளி உட்கார்ந்தார். கீழே அதே புண்ணியவானின் பதில்: 'சரியாயிடுச்சு, நன்றி.' எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. அவனைப் பிடித்து உள்ளே தள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தார்.

கடைசியில் கடையின் படத்தைத் தொட்டு, ஓரத்திலிருந்த மூன்று புள்ளியைத் தொட்டதும் எல்லாம் பொலபொலவென்று கொட்டியது. படம் போட்ட தேதி இருந்தது. படத்தையும் மூடிய செய்தியையும் போட்டவர் பெயரும் இருந்தது: நலம்விரும்பி. தேடித் தேடிச் சலித்தவருக்கு ஒரு வரி விடை கிடைக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. கடைக்காரரின் மேசையை ஓங்கித் தட்டினார்.

படத்தில் காலியான மேல்தட்டுகள், வெறும் சுவர், ட, ப, ல என்று எழுத்துப் பலகை. பார்த்தால் காலி செய்துவிட்டுப் போன கடை மாதிரியே இருந்தது.

கடைக்காரர் தேதியைப் பார்த்துவிட்டு, அது இரண்டு மாதம் முன்பு வெள்ளையடித்த நாள் என்றார். சாமான்கள் எல்லாம் தெருவில் கிடந்தன. அவர் மனைவியோடு வெளியூர் போயிருந்தார். மைத்துனர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். பக்கத்து மொபைல் கடைப் பையன் ஏணி கொடுத்தான்.

காலை 11.40.

மொபைல் கடைக்காரனைத் தெருவே 'டிஸ்ப்ளே' என்றுதான் கூப்பிடும். எந்தக் கைப்பேசி வந்தாலும் டிஸ்ப்ளே போயிடுச்சு என்பான்.

"இந்தக் கடை காலியானா யாருக்குத் தம்பி?"

"எனக்குத்தான். நடுச்சுவரை இடிச்சுப் பெருசு பண்ணலாம்னு..."

"மூடியாச்சுன்னு போட்டிருக்கிறது தெரியுமா?"

அவன் ஒரு உடைந்த கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரியுமா தெரியாதா?"

"ஒரு மாசம் முன்னாடி பார்த்தேன். சொல்லலை. ஆனா போட்டது நான் இல்ல மேடம்."

வெள்ளையடித்த அன்று ஏணியை வாசலிலேயே சாய்த்துவிட்டு வந்துவிட்டானாம். பெயின்ட் வாசனை அவனுக்கு ஆகாதாம். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. காரணம் இருந்தது, வாய்ப்பு இருந்தது, முழியும் திருட்டு முழி. கட்டடக்காரரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தார். அவரிடம் இருப்பது பொத்தான் போன், எண் அழுத்தவே மகனைக் கூப்பிடுகிறவர். அவர் கணக்கு அதோடு தீர்ந்தது.

மதியம் 1.00.

சாப்பாட்டு கேரியரோடு மைத்துனர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அக்கா கணவர் மேல் உயிரையே வைத்திருப்பவர் என்பது, கேரியரைத் திறந்து முதல் தட்டை அவர் பக்கம் தள்ளியதிலேயே தெரிந்தது. வழக்கைக் கேட்டதும் கொதித்துவிட்டார். நலம்விரும்பி என்று பெயர் வைத்துக்கொண்டு குழி பறித்தவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்றார்.

அன்று யாராவது உள்ளே வந்தார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஈ எறும்பு வரலை மேடம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். காலைலேர்ந்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கல."

அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. தெருமுனையில் திரும்பிய பேருந்தின் எண்ணை அங்கிருந்தே படித்துச் சொன்னார். கடைக்காரர், இவன் மட்டும்தான் நம்ம குடும்பத்தில் கண்ணாடி போடாதவன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் சோதனைக்கு வரமாட்டான் என்று பெருமையும் குறையுமாகச் சொன்னார். கிழவனாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சிரித்தார் மைத்துனர். இன்ஸ்பெக்டர் படத்தைக் காட்டியபோது வாங்கி, கையை எட்ட நீட்டிப் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாலை 4.05.

இரும்புச் சட்டம் மூக்கில் தழும்பே போட்டுவிட்டது. கழற்றி வைத்தார். மணி ஆகிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளேயின் கைப்பேசியைச் சோதிக்க ஏட்டை வரச் சொல்லலாம் என்று தொட்டார்.

எடுத்தது மாமியார். பட்டியலில் ஏட்டுக்கு அடுத்த வரியில் இருப்பவர். விடுப்பிலாவது நினைப்பு வந்ததே என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். இன்ஸ்பெக்டர் 'ஆமாம் அத்தை, சரி அத்தை' என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வரி தள்ளித் தொட்டதற்கு இந்தப் பாடு. காலையில் தாலாட்டு, இப்போது மாமியார்.

பேச்சை முடித்துவிட்டு இரும்புச் சட்டத்தைத் திரும்ப மாட்டினார். படத்தைப் பெரிதாக்கினார். ட, ப, ல. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்.

மாலை 4.30.

கடைக்காரர், மைத்துனர், டிஸ்ப்ளே மூன்று பேரையும் உள்ளே நிறுத்தினார்.

"சுவர்ல எழுத்து திரும்பியிருக்கு. படத்துல நேரா இருக்கு. வாசல்லேர்ந்து எடுத்திருந்தா திரும்பித்தானே விழணும்? இது எதிர்ல இருக்கிற நிலைக்கண்ணாடியை எடுத்த படம். அது இந்தச் சோதனை நாற்காலியில உட்கார்ந்தாத்தான் இப்படித் தெரியும். போனை மேல்பக்கமாத் தூக்கி எடுத்ததால எடுத்தவர் தலை விழலை. அன்னிக்கு மத்த நாற்காலியெல்லாம் தெருவுல. இது ஒண்ணுதான் நகராது. காலைலேர்ந்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காதவர் யாரு?"

கடைக்காரர் மெல்லத் திரும்பி மைத்துனரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வலிதான் அதிகம்.

"மாமா, படம் நான்தான் போட்டேன்," என்றார் மைத்துனர். "ரெண்டு நாள் லீவுன்னு போட்டேன். வர்றவங்க பூட்டைப் பார்த்துட்டு ஏமாந்து போகக்கூடாதுன்னு. என் பேரைப் போட்டா விளம்பரம் மாதிரி இருக்குமேன்னுதான் நலம்விரும்பின்னு வெச்சேன். மூடியாச்சுன்னு நான் போடலை. சாமி சத்தியமா போடலை."

"மேடம் காட்டினப்பவே ஏன்டா சொல்லலை?"

"எந்தப் படம்னே தெரியலை மாமா."

"அவர் சொல்றது நிஜம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க கடையை மூடினது வஞ்சம் இல்ல சார், வெள்ளெழுத்து. தூரத்துல போற பஸ் நம்பர் தெரியும். கையில இருக்கிற படம் தெரியாது. உட்காரச் சொல்லுங்க அவரை."

கடைக்காரர் மைத்துனரின் தோளைப் பிடித்து, நகராத நாற்காலியில் உட்கார வைத்தார். இன்ஸ்பெக்டரின் மூக்கிலிருந்த சட்டத்தை வாங்கி, வில்லைகளை மாற்றிச் செருகி மாட்டினார். டிஸ்ப்ளே, கேட்காமலேயே, மைத்துனரின் கைப்பேசியை வாங்கி, 'மூடிய கடை' என்று குறிக்கும் பக்கத்தைத் திறந்து நீட்டினான்.

மைத்துனர் வாய்விட்டுப் படித்தார். 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.' விரல் ஒரு வரி கீழே இறங்கியது. 'நிரந்தரமாக மூடப்பட்டது.' அதற்குக் கீழே, இது சரிதானா என்று கேட்டு அவருக்கு நான்கு செய்திகள் வந்திருந்தன. விளம்பரம் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பெரிதாகத் தெரிந்த 'ஆம்' என்பதைத் தொட்டுத் தள்ளியிருக்கிறார். அக்கா கணவர் கடையில் இரண்டு மாதமாக ஈ ஓட்டவேண்டி வந்தது தன் விரலால்தான் என்பது அந்த நான்கு 'ஆம்'களைப் படிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

டிஸ்ப்ளே கைப்பேசியை வாங்கி, நாலு தட்டு தட்டி, கடை திறந்திருப்பதாக எழுதி, வாசலுக்கு ஓடிப்போய் ஒரு படமும் எடுத்துப் போட்டான். ஒரு மாதம் முன்னால் செய்திருக்கவேண்டியது, செய்யவில்லை, மன்னிக்கணும் அண்ணே என்றான். கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வாசலில் கட்டடக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"வாடகை வழக்கம்போல முதல் தேதி வந்துடும் சார்," என்றார் கடைக்காரர், திரும்பிப் பார்க்காமல். "கையெழுத்துக்கெல்லாம் இப்ப நேரமில்லை. ஆளுக்குக் கண் பார்த்துட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து, மைத்துனரின் காதோரம் சட்டத்தைச் சரிசெய்தார். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. மைத்துனர் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டேயிருந்தார். தினமும் மதியம் கேரியரோடு வந்து பார்த்த முகம்தான் அது.

"எப்ப மாமா இவ்வளவு இளைச்சுப் போனீங்க?" என்று கேட்டவர், அதற்கு மேல் தாங்காமல் அழுதுவிட்டார்.