நீங்க நிக்கிற முனையை மட்டும் சொல்லுங்க

"கடற்கரைச் சாலை போச்சு! கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு கீது. நானே பார்த்துட்டுதான் வர்றேன்" என்றபடி வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினார் ராமதாஸ் மாமா.

ஜானட்டின் முகம் வெளுத்துப்போனது. இன்று அவளுக்குப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. தேர்வு மையம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம். பத்து மணிக்குள் உள்ளே போயாக வேண்டும். இப்போதே ராயபுரத்தில் மணி ஒன்பது இருபது.

"மார்க்கெட் வழியா போயேன், ராமதாஸ்" என்றார் மம்மி டோரதி.

"போலாங்க்கா. ஆனா மார்க்கெட்டுக்கு அப்பால ரெண்டு வழி. நேரா போனா ரயில்வே கேட். சுத்திகினு போனா சுரங்கப்பாதை. இன்னிக்கு எது ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க மார்க்கெட் வரைக்கும் போங்க மாமா. அதுக்குள்ள நான் கேட்டுச் சொல்றேன்" என்றாள் தங்கை ஜூடி. அவள் ஆறாம் வகுப்பு.

ஜானட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பியது. ஜூடி மம்மியின் போனை வாங்கி, பேட்டைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டாள். பதில்கள் கொட்டின.

'கேட் மூடிட்டாங்களாம்.'

'தொறந்துட்டாங்கன்னு என் மச்சான் சொன்னாரு.'

'சுரங்கப்பாதையே இடிஞ்சு விழுந்துருச்சாம்!'

ஜூடிக்குத் தலை சுற்றியது. யாரோ யாரிடமோ கேட்டதை வேறு யாரோ சொல்கிறார்கள். ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை.

போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினாள். "நான் ஜூடி. கேள்விப்பட்டத யாரும் போடாதீங்க, ப்ளீஸ். நீங்க நிக்கிற முனைய மட்டும் சொல்லுங்க. அங்கேருந்து அடுத்த முனைக்குப் போவ எத்தினி நிமிஷம்? எல்லாருக்கும் தெரியிற மாதிரி குரூப்லயே சொல்லுங்க, ஆட்டோல போற அக்காவும் கேப்பா. உங்க பேரோட ஒண்ணுன்னு நம்பர் போடுங்க. நிலைமை மாறினா ரெண்டுன்னு போட்டு மறுபடி சொல்லுங்க."

"நம்பர் எதுக்குடி?" என்றார் மம்மி.

"பழசு எது, புதுசு எதுன்னு தெரியணுமே! போன வருஷப் புயல் எச்சரிக்கைய சுகிர்தம் ஆன்ட்டி போன வாரம் அனுப்பினாங்களே, மறந்துட்டீங்களா? நம்ம டாடி கட்டுமரத்தை எல்லாம் மேல இழுக்கச் சொன்னாரு!"

முதலில் மார்க்கெட் முனை இட்லிக் கடையிலிருந்து ஜெரி பேசினான். "ஜெரி ஒண்ணு. இங்கேருந்து கேட்டுக்கு நாலு நிமிஷம். சுரங்கப்பாதை முனை சௌக்கத் பாய் கடைக்கு அஞ்சு."

"இசக்கியம்மாள் ஒண்ணு. கேட் பூட்டிக் கெடக்கு தாயி. ரெண்டு கூட்ஸ் வண்டி போவணும். தாண்ட முப்பது நிமிசம் ஆவும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு."

"சௌக்கத் அலி ஒண்ணு. சுரங்கப்பாதைல லாரி மாட்டிகினு கீது. வழியே இல்ல."

ஜூடி நோட்டில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வட்டம் போட்டாள். வட்டங்களுக்கு நடுவில் கோடு இழுத்து, கோட்டின் மேல் நிமிடத்தை எழுதினாள். கேட் வழியே நான்கும் முப்பதும் ஐந்தும் முப்பத்தொன்பது. மார்க்கெட்டுக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தாலும் பத்தைத் தாண்டிவிடும்.

சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாலகணேஷ் பேசினார். "பாலகணேஷ் ஒண்ணு. இங்கேருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒம்பது நிமிஷம். ரோடு காலி." இருந்து என்ன பயன்?

அப்போது பாயின் குரல் மறுபடி வந்தது. "சௌக்கத் அலி ரெண்டு. டயர்ல காத்த எறக்கி லாரிய இழுத்துட்டாங்க. தொட்டி முனைக்கு நாலே நிமிஷம்!"

ஐந்து, நான்கு, ஒன்பது. பதினெட்டு!

ஜூடி அக்காவுக்குப் போன் போட்டாள். லைன் போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை. மணி ஒன்பது முப்பது. ஆட்டோ இந்நேரம் மார்க்கெட் முனையில் நிற்கும்.

அந்த நேரம் பார்த்துச் சுகிர்தம் ஆன்ட்டி ஒரு பதிவை அனுப்பினார். அதில் பாயின் குரல். "சௌக்கத் அலி ஒண்ணு. வழியே இல்ல."

"ஐயோ, ஆன்ட்டி! அது பழசு!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள் ஜூடி. அக்கா நம்பரைக் கவனிப்பாளா? பதற்றத்தில் கேட் பக்கம் திரும்பிவிட்டால்?

மம்மி ஜெபமாலையை எடுத்தார். ஜூடி போனையே வெறித்தாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து.

டிங்!

"சௌக்கத் அலி மூணு. நம்ம பொண்ணு ஆட்டோ என் கடைய தாண்டிப் பறக்குது!"

மம்மி ஜெபமாலையோடு ஜூடியைக் கட்டிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு ராமதாஸ் மாமா திரும்பி வந்தார். "பத்துக்குப் பத்து நிமிஷம் கீறப்பவே எறக்கி உட்டேன்க்கா!"

"நான் போன் பண்ணவே முடியலையே மாமா. சுரங்கப்பாதைன்னு யார் சொன்னா?"

"நான் கேட்டுக்குத்தான் திருப்பினேன். உங்கக்கா உடலியே! எல்லாரும் சொன்னது அது போன்லயும் வந்துச்சுல்ல? பாயோட பழைய 'ஒண்ணு' மறுபடி வந்தப்ப, 'மாமா, நான் ரெண்டே கேட்டுட்டேன்'னு சொல்லிட்டு கணக்கு போட ஆரம்பிச்சுது. பரீட்சைக்குப் போற பொண்ணு கையில எழுதக்கூடாதாம். அதனால..."

தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நீல மையில் வட்டங்கள், கோடுகள். ஐந்து, நான்கு, ஒன்பது. கீழே அடிக்கோடிட்டுப் பதினெட்டு.

ஜூடி தன் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஓர் எண்கூட மாறவில்லை.

"இத எப்போ அழிக்கலாம்?" என்று கேட்டார் மாமா.

"டாடி கடல்லேருந்து வந்து பார்த்ததும்" என்றாள் ஜூடி.