எண்பத்தொன்பதின் அறுபட்ட பக்கம்

"ஐயோ...!"

காலை பத்தே கால். நூலக மாடியிலிருந்து கேட்ட அந்த அலறலில், ஆர்டன்ஷா கல்லூரியின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா ஒத்திகை அப்படியே நின்றது.

ஆவணக் காப்பாளர் எடித் விண்டர்பர்ன், வயது எழுபத்தொன்று, ஏணியின் கீழே கழுத்து மடங்கிக் கிடந்தார்.

டிடெக்டிவ் லோர்னா ஸ்டக்கி அவர் அருகே மண்டியிட்டாள். இங்கே படிப்பைப் பாதியில் விட்டுப் போலீஸில் சேர்ந்தவளைக் கடைசிவரை 'என் பொண்ணு' என்று சொன்ன ஒரே ஆள் எடித்தான்.

காலையில் எடுக்கத் தவறிய அழைப்பில் எடித் பதிவு செய்திருந்த குரலை மறுபடி கேட்டாள்.

"லோர்னா... எண்பத்தொன்பதுல கூடப் படிச்ச டார்லீனை ஏரியில தள்ளிக் கொன்னுட்டு ஓடினானே கர்ட்டிஸ்... பேரை மாத்திக்கிட்டு இங்கேயே வந்திருக்கான்! சீக்கிரம் வாம்மா..."

எடுத்திருக்கலாம்... பாவி, எடுத்திருக்கலாம்!

"மேடம்!" அவளுடைய உதவிக் காவலர் டெபுடி வெய்ட் கல்லூரியின் பழைய ஆண்டு மலரை நீட்டினான். "எண்பத்தொன்பது. ஒரு பக்கத்தை பிளேடு போட்டு அறுத்திருக்காங்க!"

பின்னால் ஒரு பெருமூச்சு. கல்லூரியின் புதிய தலைவர் டாக்டர் ராட்னி கெய்ல். பதவியேற்று ஆறே வாரம்.

"இந்த வயசுல ஏணி ஏறலாமா? விபத்துன்னு எழுதி முடிங்க, டிடெக்டிவ். சனிக்கிழமை விழா!"

"நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்களா, சார்?"

"இந்த ஒஹாயோ மாநிலத்துக்கே இப்பதான் முதல் தடவை. இன்னும் கட்டடத்தைக்கூட முழுசா சுத்திப் பார்க்கலை."

சாட்சி இல்லை. கைரேகை இல்லை. விபத்து என்று எழுதிவிட்டால் எடித்தோடு உண்மையையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள்.

"வாங்க, வாசல் வரைக்கும் வர்றேன்" என்றார் கெய்ல்.

கீழே பெரிய கூடம். மூன்று வருடமாகத் தரையை மூடியிருக்கும் நீலக் கம்பளம். லோர்னா யோசனையோடு நடந்தாள். நடுவில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் வளைந்தாள்.

கெய்ல் வலப்பக்கம் வளைந்தார்!

லோர்னாவின் கால்கள் நின்றன.

"ஏன் சார் வளைஞ்சு வந்தீங்க?"

"எ... எங்கே?"

"நடுவுல ஒண்ணுமே இல்லையே! வெய்ட், கம்பளத்தைத் தூக்கு."

அடியில் பளபளத்தது, தரையில் பதித்த கல்லூரியின் வட்டமான பித்தளை முத்திரை.

"பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி இதை மிதிச்சா பாஸாக மாட்டோம்னு இங்க படிக்கிற எல்லாருக்கும் பயம். நானும் பட்டம் வாங்கலை... இன்னும் கால் தானா சுத்திப் போகுது. மூடிக் கிடக்கிற முத்திரை, முதல் தடவை வந்தவருக்கு எப்படித் தெரியும்... கர்ட்டிஸ்?"

அவர் கை கோட்டுப் பைக்குப் பாய்ந்தது. வெய்ட் அதைப் பிடித்து முறுக்கினான். நாலாய் மடித்த காகிதம் கீழே விழுந்தது. பிரித்தால், ஆண்டு மலரின் அறுபட்ட பக்கம். படத்தில் இருபது வயது கர்ட்டிஸ்! அதே மூக்கு. தாடையில் அதே தழும்பு.

"முப்பத்தஞ்சு வருஷம்..." அவர் குரல் உடைந்தது. "கிழவி சும்மா விட்டிருக்கலாம்ல!"

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு விலங்கை மாட்டினாள். வாசலைப் பார்த்துத் தள்ளினாள். முத்திரை அருகே அவர் கால் மறுபடியும் தயங்கியது.

"சும்மா மிதிங்க, கர்ட்டிஸ்... இனிமே எப்படியும் நீங்க பாஸாகப் போறதில்லை!"