உவன்தான் எடுத்தவன்

பிரணவ் செத்துக் கிடந்தான்.

அதுவும் நல்ல வெளிச்சத்தில்! ஜன்னல் வழியே வந்த காலை வெயில் பாதி முகத்தில் விழுந்திருந்தது. வேறு யாருடைய பிணமாகவாவது இருந்திருந்தால், பிரணவ் கமராவோடு தரையில் படுத்துப் படம் பிடித்திருப்பான்.

சென்னையிலிருந்து வந்த ஆவணப்பட இயக்குநர். யுத்தம் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். இப்போது நெல்லியடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராக அழுகை தேடிக்கொண்டிருந்தான். அழாத சாட்சிகளுக்கு அவன் படத்தில் இடமில்லை.

பின்மண்டையில் அடி. பக்கத்தில் இரத்தம் தோய்ந்த ட்ரைபொட், கமராவை நிறுத்தும் முக்காலி...

பிணத்தை முதலில் பார்த்ததாகச் சொன்னவன் கனிசியஸ்.

கனிசியஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை! கடைசி யுத்தத்தில் வந்த ஒரே ஒரு புகைப்படத்தால் உலகப் புகழ் பெற்றவன். பங்கர் குழிக்குள் இருந்து ஒரு பெண்ணின் கை மட்டும் மேலே நீண்டு, தண்ணீர்ப் போத்தலை வாங்கும் படம். ஐரோப்பாவில் வைன் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். அதற்குப் பிறகு அவன் உருப்படியாக ஒரு படமும் எடுக்கவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரணவ் எடுத்துக்கொண்டிருந்ததே இவனுடைய பெருமை பேசும் படம்தான்.

சப் இன்ஸ்பெக்டர் சிவகௌரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். எடுத்த காட்சிகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை, இது கள்ளன் வேலைதான் என்றான் கனிசியஸ்.

"விலைகூடின கமரா மேசையிலை கிடக்கு. அதை விட்டிட்டு டிஸ்க்கை மட்டும் தூக்கின கள்ளனோ அண்ணை?"

கனிசியஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

படப்பிடிப்பைப் பற்றிக் கேட்டதும் அவனுக்குத் தெம்பு வந்தது. ஒவ்வொரு பேட்டியிலும் பிரணவின் தோளுக்குப் பக்கத்தில் தானே நின்றதாகவும், தன் முகத்துக்காகத்தான் சனம் வாய் திறந்ததாகவும் அளந்தான்.

டிஸ்க் போய்விட்டது. ஆனால் பிரணவ் முதல் நாளே டிரெய்லரை யூடியூபில் ஏற்றிவிட்டிருந்தான். அது கனிசியஸுக்குத் தெரியாது!

சிவகௌரி ஜீப்பில் இருந்தபடியே போனில் பார்த்தாள். வயலின் அழுதது. பிறகு, சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்து வரப்பில் நின்ற ஒரு பெண். பெயர் குணலட்சுமி. அந்தப் புகைப்படத்தில் நீண்ட கை இவளுடையது.

"தம்பி விழுந்திட்டான்... உவன்தான் கமராவை எடுத்தவன்."

சொல்லிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

சிவகௌரி இரண்டாம் முறை போட்டாள். கீழே ஓடிய ஆங்கில வரிகளையும் வாசித்தாள். ஜீப் சண்டிலிப்பாய்க்குத் திரும்பியது.

குணலட்சுமி ஒளிக்காமல் சொன்னாள். படத்தை எடுத்தது அவளுடைய தம்பி சுதாகரன். அடுத்த ஷெல்லில் அவன் விழுந்தான். இன்னொருவன் ஓடிவந்து, அவன் கழுத்தில் கிடந்த கமராவைக் கழற்றிக்கொண்டு போனான். படம் வேறு பெயரில் உலகம் சுற்றியபோது அவள் முறையிடாத இடமில்லை. கேட்டவர்கள்தான் இல்லை.

"கமராவைக் கழட்டினவன் பேட்டியண்டைக்கு டிரெக்டருக்குப் பக்கத்திலை நிண்டான், பிள்ளை. கண்டவுடனை வயிறு பத்தி எரிஞ்சுது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்தப் படத்துக்குக் கீழை என்ரை தம்பியின்ரை பேர் வரோணும்."

மாலையில் கனிசியஸை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஹார்ட் டிஸ்க் இருந்தது... அவனுடைய காரின் ஸ்பெயார் டயருக்கு அடியில் அகப்பட்டது!

பிரணவ் பாதுகாப்பாக வைக்கச் சொல்லித் தந்தான் என்றான். சிவகௌரி டிரெய்லரைப் போட்டு, குரலை மட்டும் கேட்க விட்டாள்.

"அவ தம்பியைத்தான் சொல்லுறா மிஸ். சுதாகரன் எனக்குக் கமரா தூக்கின பெடியன்."

"கிட்ட நிண்டால் இவன். தூரப் போனால் அவன். கேக்கிற ஆளுக்குப் பக்கத்திலை நிண்டால் உவன். செத்துப்போன தம்பியை ஆரண்ணை உவன் எண்டு சொல்லுறது?"

கனிசியஸ் எல்லாவற்றையும் கொட்டினான். அந்த வரியை வெட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். பிரணவ் சிரித்துக்கொண்டு, அதுதான் சார் படத்தோட உயிரே என்றிருக்கிறான்.

"அவனுக்கு எல்லாம் விளங்கீட்டுது மிஸ். என்னை வைச்சு விளையாடினவன். படம் வந்தால் நான் முடிஞ்சன். அதுதான்..."

சிவகௌரிக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. போனை அவன் பக்கம் தள்ளி, கீழே ஓடும் ஆங்கிலத்தை வாசிக்கச் சொன்னாள். டிரெய்லரில்தான் அந்த வரிகள் ஏறியிருந்தன. அவன் அவற்றை அதுவரை பார்த்ததில்லை.

'விழுந்த என் தம்பி மீண்டும் எழுந்தான். அந்த மகா கலைஞனின் கமராவைத் தூக்கிக்கொண்டான்.'

கனிசியஸ் போனைக் கையில் எடுத்து மறுபடியும் வாசித்தான்.

"அந்தச் சென்னைக்கார மனுசனுக்கு ஒரு இழவும் விளங்கேலை அண்ணை. உவனை அவன் எண்டு நினைச்சிருக்கிறார். செத்த பெடியனை எழுப்பி உங்களுக்குக் கமரா தூக்க விட்டிருக்கிறார். உங்களுக்குக் கோயில் கட்டின ஆளை எல்லோ அடிச்சுச் சாக்காட்டிப் போட்டியள்!"

ஒரு எழுத்து விளங்காதவன் பிணவறையில் கிடந்தான். விளங்கியவனுக்கு விலங்கு மாட்டினார்கள்.

அடுத்த நாள் காலை குணலட்சுமி பஸ் ஏறிப் பொலிஸ் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். கையில் அன்றைய பேப்பர். முதல் பக்கத்தில் கைதுச் செய்தி. சுதாகரனுக்குத் துரோகம் நடந்ததென்று உருகி உருகி எழுதியிருந்தார்கள். செய்திக்கு மேலே, பெரிதாக, அவளுடைய கை.

படத்தின் அடியைத் தொட்டுக் காட்டினாள். பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

படம்: கனிசியஸ்.

சிவகௌரிக்குக் கோபம் தலைக்கேறியது. பத்திரிகை அலுவலகத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்து, ரிசீவரைத் தூக்கினாள்.

"ஆளை உள்ளை போட்டாச்சு அக்கா. பேர்தான் இன்னும் வெளியிலை திரியுது... இருங்கோ, அதையும் பிடிச்சுத் தாறன்."