பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி

"எழும்புங்க! அது என்ட கதிரை!"

சொன்ன பிறகுதான் றுஸ்தா மூச்சே விட்டாள். சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து, கேட்டடியிலிருந்து மழையில் ஓடி, அபாயா நுனியெல்லாம் ஈரமாக நூலகத்துக்குள் நுழைந்தால்... அவளுடைய மேசையில், அவளுடைய கணினிக்கு முன்னால் யாரோ ஒருவன்! தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னவோ தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் நிமிர்ந்தான்.

மழை இப்போதுதான் கழுவி விட்டது போன்ற கண்கள்... கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. ஈரமணலின் நிறம். அடுத்து என்ன ஏச இருந்தோம் என்பது றுஸ்தாவுக்கு மறந்தே போனது.

"சொறி மிஸ். நான் அர்ஷாத், ஊர் புத்தளம். கொழும்பிலிருந்து அனுப்பியிருக்காங்க. வலைவாசல் வேலைக்கு..."

ஓ! இவன்தானா அது?

யுத்தம் முடிந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. அடைபட்டுக் கிடந்த பாதைகள் திறந்துவிட்டன. இனி நூலகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, பேராதனை, கடலோரத்து இந்தச் சின்ன வளாகம்... எல்லாப் பல்கலைக்கழக நூலகங்களின் புத்தகங்களும் ஆய்வேடுகளும் இனி ஒரே இணையத்தளத்தில். எந்த ஊரிலிருந்து தேடினாலும் எல்லாம் கிடைக்கும். உதவி நூலகர் றுஸ்தா இங்குள்ள பதிவுகளை எப்போதோ அனுப்பிவிட்டாள். அந்தத் தளத்தைக் கட்டுகிறவன் நேரில் வந்து அவளுடைய கதிரையை நனைப்பான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"வேலை முடிஞ்சிதா?"

"முடிஞ்ச மாதிரித்தான். என்னவாச்சும் தேடிப் பாருங்க மிஸ். இல்லையெண்டு வராது."

அந்த மிதப்புத்தான் அவளைச் சீண்டியது. நின்றபடியே குனிந்து தன்னுடைய ஆய்வேட்டைத் தேடினாள். 'றுஸ்தா ஷரிபுதீன்.'

முடிவுகள் இல்லை.

"இல்லையெண்டு வந்திரிக்கே சேர்!"

அவன் அவசரமாக எதையெதையோ திறந்து பார்த்தான். பிறகு முகம் தெளிந்தது.

"ஆ... தமிழ்ல 'ற' சொல்லுக்கு முதல்ல வராதே மிஸ். பிழையெண்டு நினைச்சு புறோகிராம் 'ர' ஆக்கிட்டு."

"பிழையா? என்ட வாப்பா வச்ச பேர் பிழையா? இந்தக் கரையில பாதிப்பேர் 'ற'வில தொடங்கிற ஆக்கள். எல்லாருக்கும் நீங்க புதுசாப் பேர் வைக்கப் போறீங்களா?"

புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த சபூறா ராத்தா முக்காட்டை வாயில் பொத்திச் சிரித்தார். அர்ஷாத் சிரிக்கவில்லை. கதிரையைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான்.

"பிழை என்ட பக்கம்தான் மிஸ். திருத்துறன். ஆனா நீங்க பக்கத்தில இருந்து சொல்லித் தரணும்."

அப்படித்தான் தொடங்கியது. 'ற' என்று தேடினாலும் 'ர' என்று தேடினாலும் ஆள் கிடைக்க வேண்டும், ஆனால் திரையில் அவரவர் எழுதிய பெயர்தான் தெரிய வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவன் ஒவ்வொரு பெயராகக் கேட்டான்.

"மிஸ்... ஷரிபுதீன், சரிப்தீன், ஷரீப்தீன். மூணும் ஒராளா?"

"முதலாமவர் என்ட வாப்பா. மத்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியா."

அவன் சிரித்தால் கண்கள்தான் முதலில் சிரித்தன. அது நியாயமே இல்லை என்று தோன்றியது அவளுக்கு. வெளியே மாரி விடாமல் பெய்தது. தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் கதைத்தார்கள்... ஏன் இந்த வேலைக்கு வந்தான் என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் பேராதனையில படிக்கக்குள்ள யாழ்ப்பாண நூலகத்தில இருந்த ஒரு ஆய்வேடு தேவைப்பட்டிச்சு. சண்டையால பாதை பூட்டு. கடைசி வரைக்கும் அதக் கண்ணால காணல்ல. அந்தக் கோவம் இன்னும் இரிக்கி மிஸ்."

கோபத்தை இவ்வளவு மெதுவாகச் சொல்கிற ஒருவனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மார்கழியில் இங்குள்ள வேலை முடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் வழமையான விளையாட்டு இல்லை.

"றுஸ்தா..."

மிஸ் எங்கே போனது?

"எங்கட உம்மாவ உங்கட வாப்பாவோட கதைக்கச் சொல்லட்டா?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால்...

அவள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். வாப்பா ஷரிபுதீன் காலமெல்லாம் கடலுக்குப் போய் மகளுக்கென்று கரையோரத்தில் ஒரு வீடு கட்டினார். பூச்சு வேலையும் முடிந்து, நிக்காஹ்வுக்கு நாளும் வைத்தாயிற்று. அப்போதுதான் சுனாமி வந்தது. உம்மாவையும் வீட்டையும் சேர்த்தே கொண்டுபோனது. கடலுக்குக் கிட்ட இனிக் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சக் காலம் பொறுத்தார்கள். பிறகு வீடுள்ள பெண்ணாகப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பின் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்க்கும் முன்பே கேட்டது ஒன்றுதான்: "வீடு எங்க?" இப்போது வாப்பாவும் அவளும் சுனாமி வீட்டுத்திட்டத்தில், ஒரு மாடியில் இரண்டு அறைக்குள். அதை யாரும் சீதன வீடாக எண்ணவில்லை.

"வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"எங்கட ஊர்ல பொம்புளைக்கு வீடு இரிக்கணும். எனக்கு இல்ல. சுனாமியில அடிபட்ட பிள்ளையெண்டு இரக்கப்பட்டு ஒராள் வாறதும் எனக்கு வேணாம்."

"இரக்கமா?"

யாரோ அறைந்தது போல அவன் முகம் சிவந்தது. பையின் வாரை இழுத்து இறுக்கினான். படியிறங்கி மழைக்குள் போய்விட்டான்.

அடுத்த வேலை யாழ்ப்பாண நூலகத்தில். அவன் போன பிறகுதான் அவளுக்கு வலைவாசலின் இன்னொரு குணம் தெரிந்தது. வேலைப் பக்கத்தைத் திறந்தால், உள்ளே இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எரியும். காலையில் வந்து முக்காட்டைச் சரிசெய்வதற்கு முன்பே அதைத்தான் தேடினாள். அர்ஷாத்... பச்சை. இருக்கிறான். எங்கோ ஒரு கதிரையில், இதே திரையைப் பார்த்துக்கொண்டு...

புள்ளி அணையும் வரை அவளுக்கு எழும்ப மனமிருக்காது. சரிபார்த்த பதிவுகளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள்.

'புதுப் பதிவுகள் சேர்த்திருக்கிறன். பாருங்க' என்று எழுதுவான்.

'சாப்பிட்டீங்களா? அங்க குளிரா? என்னோட இன்னும் கோவமா?' என்று தட்டுவாள். எல்லாவற்றையும் அழிப்பாள். 'பார்த்தேன். சரி' என்று மட்டும் அனுப்புவாள்.

"கொம்பியூட்டரப் பார்த்துப் பெருமூச்சு விடுற ஆள நான் இப்பதான் காணுறன்" என்றார் சபூறா ராத்தா.

"கண் நோவுது ராத்தா."

"ஓம் ஓம்... கண்தான்."

தை மாதத்தில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குளங்கள் நிரம்பி வழிந்தன. கதிர் தள்ளிய வயலெல்லாம் கடலாகிப்போனது. பாதைகள் அறுந்தன. மின்சாரம் நின்றது. தொலைபேசியும் செத்தது. அணைந்த திரைக்கு முன்னால் றுஸ்தா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள், நூலகத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று அறிந்ததும் வாப்பா அவளை ஒரு உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கூட்டிவந்தார். சபூறா ராத்தாவும் வந்துவிட்டார். கீழ்த்தட்டு ஆய்வேடுகளை எல்லாரும் கட்டுக் கட்டாக மாடிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கால் வரை கலங்கல் தண்ணீர். றுஸ்தா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்...

வாசலில் அவன் நின்றான். இடுப்பு வரை சேறு. செருப்பு கையில். கண்கள் மட்டும் அப்படியே.

கட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

"யாழ்ப்பாணத்திலருந்தா வாறீங்க?"

"ஓம். பஸ், லொறி, வள்ளம்... பிறகு நடை."

"என்னத்துக்கு? பதிவெல்லாம் பத்திரம்தானே? எல்லாத்துக்கும் பேக்கப் இரிக்கி எண்டு நீங்கதானே சொன்னீங்க?" குரல் உடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

"பதிவுகளுக்கு இரிக்கி. உங்களுக்கு இல்லையே!" அவன் குரல்தான் உடைந்தது. "புள்ளியும் இல்ல, போனும் இல்ல. இருக்கீங்களா இல்லையா எண்டு தெரியாம நான் அங்க இருந்து என்ன செய்யிற?"

அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்டைக்கு இரக்கமெண்டு சொன்னீங்க. ரோசத்தில ஒண்டும் சொல்லாமப் போயிட்டன். இப்ப சொல்றன், கேளுங்க. புத்தளமெண்டுதானே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்? நான் புத்தளத்துக்காரன் இல்ல. மன்னார். எனக்கு ஒன்பது வயசு. தொண்ணூறில இயக்கம் எங்கட முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டே எழுப்பி அனுப்பினாங்க. புத்தளத்து அகதி முகாமில ஓலைக் கொட்டிலுக்குள்ள வளர்ந்தவன் நான். மழை பெய்ஞ்சா உம்மா என்ட பள்ளிக்கூடக் கொப்பிகள வயித்தோட சேர்த்து வச்சுக்கிட்டு விடியுமட்டும் குந்திக்கிட்டு இருப்பா. வீடில்லாத ஆளப் பார்த்து இரக்கப்பட நான் என்ன வீட்டுக்காரனா?"

"ஏன்... இத முந்தியே சொல்லல்ல?"

"முகாம் பொடியனெண்டு தெரிஞ்சா நீங்க எனக்கு இரங்குவீங்களோ எண்டு பயம்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. இருவருக்கும் ஒரே வீம்பு... இத்தனை நாளும் அந்த வீம்பை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திரைக்கு முன்னால்!

படியில் யாரோ செருமினார்கள். வாப்பா. தோளில் ஆய்வேட்டுக் கட்டு.

"மகள்... எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார். அர்ஷாத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தச் சேற்றில் அவர் பார்வை கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. "வெள்ளத்துக்குள்ளால இவ்வளவு தூரம் வந்த பிள்ள. நான் மேல போறன். நீ சொல்லுறதச் சொல்லு."

அவர் காலடி மேலே போய் மறைந்தது. வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. றுஸ்தா அவன் கையிலிருந்த கட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முகம் சூடேறியது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எந்த ஊர்ல இரிக்கிற, எந்தக் கூரைக்குள்ள இரிக்கிற... எனக்கு ஒண்டும் தெரியா. மெதுவாக் கட்டுவம். கட்டுமட்டும் வாடகைக்கு இருப்பம். ஆனா எனக்கு உங்கள விருப்பம் அர்ஷாத். நீங்க யாழ்ப்பாணம் போன நாளையிலருந்து..."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"இல்ல... அதுக்கு முந்தியே."