ஐந்தாம் காவலன்

அன்று காலை மதில் வாசல் இசக்கியம்மாளின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "வாங்க, பெர்னாந்து" என்றது.

பச்சை விளக்கு எரிந்தது, கதவு விலகியது. பின்னால் நின்றவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. அடுத்து நின்ற வள்ளிநாயகத்தையும் அது பெர்னாந்து என்றுதான் அழைக்கும். இசக்கியம்மாள் மட்டும் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் குறையை நேற்று ராத்திரிதான் அவள் தன் கையால் சரிசெய்திருந்தாள்.

கடலைத் தடுக்கும் மதிலைத் தூத்துக்குடிக்கு வெளியே கட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குடியிருப்பில் பூட்டு சாவி என்ற பொருளே கிடையாது. வீட்டுக் கதவு, பேருந்து, மருந்துக்கடை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் ஆளறி இருந்தது. கையை வைத்தால் ரேகையைப் படித்து இன்னார் என்று சொல்லும். சொன்ன பிறகே எதுவும் திறக்கும். சிமெண்டும் உப்பும் பத்து வருடம் தின்ற கையில் படிக்க என்ன இருக்கும்? அன்று கடலடிக்கு இறங்கிய அறுபது பேரில் நாற்பத்தொரு பேர் கை வழுக்கைக் கை. இசக்கியம்மாளுடையதும் அதில் ஒன்று.

அவர்கள் நாளை ஓட்டியது ஒரு வழக்கத்தால். ரேகை தேயாத ஒருவரை முன்னால் விட்டு, அவர் முதுகோடு ஒட்டி நின்று கை வைத்தால், ஆளறி முன்னால் போனவர் பெயரையே மறுபடி சொல்லித் திறந்துவிடும். அப்படி முன்னால் போகிறவருக்கு முன்கை என்று பெயர். பெண் பார்க்கப் போனால்கூட வீட்டில் முன்கை உண்டா என்று முதலில் கேட்டார்கள்.

அது இயந்திரத்தின் இரக்கம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். போன வாரம்வரைக்கும்.

மதிலுக்கு அடித்தளம் போடும் கடலடிக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரின் பாரத்துக்குச் சமமாக இறுக்கப்பட்ட காற்றைச் சுவாசிக்கிறார்கள். மேலே வரும்போது அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அதற்குத்தான் தணிப்புக் கூடுகள், ஆளுக்கு ஒன்று. வயது, எடை, நெஞ்சு, சர்க்கரை எல்லாம் பார்த்து இவருக்கு இத்தனை மணி நேரம் என்று கூட்டுக்குச் சொல்வதும் ஆளறிதான். கூத்தையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஆறு மணி நேரம். அவர் போன வாரம் முன்கையான பெர்னாந்துக்குப் பின்னால் நின்றார். முப்பது வயதுக்காரனின் மூன்று மணி நேரம் அவருக்கும் விழுந்தது. கூடு திறந்தபோது இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை.

ஆளறியை நிறுவிய நிறுவனம் எப்போதோ மூடிப்போனது. அது பெர்ல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது. படிக்கத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை, இசக்கியம்மாளைத் தவிர. இயந்திர அறையைக் கூட்டிப் பெருக்கிய காலத்தில் அவளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. திரையில் ஓடிய நிரலில் சில வரிகளுக்கு முன்னால் வேலி மாதிரி ஒரு குறி இருக்கும். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதை இயந்திரம் படிக்காது, மனிதர்கள்தான் படிக்க வேண்டும். எழுதியவர் அங்கெல்லாம் தமிழில் குறிப்பு வைத்திருந்தார். "இது கதவைத் திறக்கும்." "இது தண்ணீர்." முப்பத்தெட்டு வயதில் அவள் எழுத்துக் கூட்டியது அந்தக் குறிப்புகளில்தான். தமிழ் வந்த பிறகு மற்றதும் மெல்ல வந்தது.

மதில் அதிகாரி ஞானதிரவியம் நேற்று அவளை இயந்திர அறைக்குக் கூட்டிப்போனார். அவர் கை வைத்துக் கதவு திறந்தது, அவள் பின்னால் நுழைந்தாள். இரண்டு மணி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வந்தவரின் பெயரை ஆளறி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறது. அடுத்தவர் கை புரியவில்லை என்றால் பெட்டியில் கிடக்கும் பழைய பெயரையே எடுத்து வாசிக்கிறது. பக்கத்தில் வேலிக்குறி போட்டு ஒரு குறிப்பு இருந்தது: "இங்கே பெயரைக் காலி செய்ய வேண்டும். நாளைக்குச் செய்கிறேன்."

இதைச் செய்தால் தேய்ந்த கை எதையும் திறக்காது என்று அவள் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்களுக்கு வேறு அடையாளம் போட ஏற்பாடு செய்யலாம் என்றார் அவர். இன்னொருவர் முடமானால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். கூத்தையாவின் கால்கள் அவள் கண்ணுக்குள் நின்றன. பெட்டியைக் காலி செய்யும் ஒற்றை வரியை அடித்தாள். கோப்பு தானே பூட்டிக்கொண்டது. ஒருமுறை திருத்தினால் இருபத்துநான்கு மணி நேரம் யாரும் தொட முடியாது என்பது விதி.

அப்படிச் சரிசெய்ததுதான் இன்று காலை அவளைப் பெர்னாந்து என்று கூப்பிட்டது.

கீழே போய்க் கலவைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அந்த நினைப்பே அரித்தது. எந்த எழுத்தை விட்டோம்? மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் பெர்னாந்துக்குப் பின்னால் கை வைத்தாள். சிவப்பு விளக்கு. "அடையாளம் இல்லை." மறுபடி வைத்தாள். சிவப்பு. மூன்றாம் முறை, "வாங்க, பெர்னாந்து."

வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமலேயே கூடத்தின் மூலையில் இருந்த பதிவுத் திரைக்குப் போனாள். திரையைப் பார்க்கக் கை வேண்டியதில்லை. பார்த்ததும் புரிந்தது.

மதிலடியின் கதவுகளுக்கும் குழாய்களுக்கும் கூடுகளுக்கும் பதில் சொல்வது ஒரே ஆளறி இல்லை, எட்டு. எட்டுக் காவலர்கள் ஒரே வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு காவலனும் பிறக்கும்போது ஒரே தடவை நிரலைப் படிப்பான். பிறகு ஆயிரம் ஆளுக்குப் பச்சை காட்டி முடிக்கும்வரை அதையே மனப்பாடமாக வைத்திருப்பான். ஆயிரம் முடிந்தால் மடிவான், அவன் இடத்தில் புதியவன் பிறந்து புதிய நிரலைப் படிப்பான். அவள் திருத்தத்தில் பிழையே இல்லை. பழைய காவலர்கள் இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். காலையில் பழையவர்கள் ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். இப்போது ஏழு பேர் புதியவர்கள். ஐந்தாம் காவலன் ஒருவன்தான் பாக்கி. திரையில் அவனுக்கு நேராக எண் நின்றது: மீதி 48.

அவனும் மடிந்தால் நாற்பத்தொரு பேருக்குத் தணிப்புக் கூடு திறக்காது. கூடத்தின் காற்று சாயங்காலம் ஏழு மணிவரைதான். கோப்பின் பூட்டு விடுபட எட்டரை ஆகும். உள்ளே போவதைப் பற்றியே யோசித்திருந்தாள் அவள். வெளியே வருவதும் அதே கதவுதான் என்பது நேற்று ஏன் தோன்றாமல் போயிற்று?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் 47 ஆனது. யாரோ கழிப்பறைக் கதவைத் திறந்திருந்தார்கள்.

அவள் கத்தினாள். ஹீலியம் கலந்த கூடத்துக் காற்றில் எல்லோருக்கும் குரல் வாத்து மாதிரிதான் வரும். அவள் கத்தியதும் அப்படித்தான் இருந்தது, முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"யாரும் எதையும் தொடாதிய. குழாயத் தொடாதிய, பெட்டியத் தொடாதிய. கையக் கக்கத்துல வச்சிட்டு உக்காருங்க."

"ஏன்க்கா, ஒண்ணுக்கு வந்தா?" என்றான் பெர்னாந்து.

"அடக்கிக்கோ. நீ ஒருக்க போனா ஒரு ஆளு மேல வர முடியாது."

அவள் எல்லாவற்றையும் விளக்கி முடித்தபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது. அறுபது பேரும் சுவரோரம் வரிசையாக, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 

ரேகை உள்ள ஒருவரே எல்லோருக்கும் திறந்துவிட முடியாது; ஒரு ரேகைக்கு நாளுக்கு ஒரு கூடுதான், பெட்டியிலிருந்து வாசிக்கும் பெயருக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு இல்லை. ஐந்தாம் காவலன் நாற்பத்தொரு பேரையும் விடுவான், சரி. யார் பெயரில் விடுவான்? ஒவ்வொரு காவலனுக்கும் பெயர்ப் பெட்டி தனி; அவன் பெட்டியில் இப்போது கிடப்பது பெர்னாந்து. மூன்று மணி நேரம். அவன் பெயரில் போனால் அத்தனை பேரும் கூத்தையாதான். தேவைக்கு மேல் தணித்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் ஆபத்து. அப்படியென்றால் எல்லோரையும்விட அதிக நேரம் தேவைப்படும் ஓர் உடம்பு வேண்டும். ரேகையும் தேய்ந்திருக்கக் கூடாது. வேலை செய்து கெட்ட உடம்பில் ரேகை இருக்காது, ரேகை இருக்கிற உடம்பு கெடாமல் இருக்கும். கூடத்தில் இருந்த பத்தொன்பது முன்கைகளும் திடகாத்திரமானவர்கள்.

அவள் மேலே பேசும் கருவியை எடுத்தாள். அதற்கும் கை வேண்டாம், நல்லவேளை.

ஞானதிரவியம் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். வாத்துக் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் காரணங்களை அடுக்கினார். தனக்கு நெஞ்சில் குழாய் வைத்திருப்பதைச் சொன்னார். சர்க்கரையைச் சொன்னார். மருத்துவர் தன்னை இறங்கவே கூடாது என்று எழுதியிருப்பதைச் சொன்னார்.

"அதனாலதான் சார் உங்களக் கூப்பிடுதேன்" என்றாள் இசக்கியம்மாள். "நீங்க இறங்குனா உங்களுக்குப் பதினோரு மணி நேரம் போடும். அது எங்க எல்லாருக்கும் தாங்கும்."

"நான் செத்துட்டேன்னா?"

"கைய மட்டும் ஒருக்க வச்சிட்டுச் சாவுங்க சார்" என்று பெர்னாந்து தூரத்திலிருந்து சொன்னான். நல்லவேளை, அதுவும் மேலே புரியவில்லை.

அவர் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. மணி மூன்றானது. சுண்ணாம்புத் தூசியில் தொண்டை வறண்டு கிடந்த வள்ளிநாயகம் எழுந்தார், நடந்தார், குழாயில் கையை வைத்தார். பழக்கம். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. "வாங்க, பெர்னாந்து" என்றது குழாய். தண்ணீர் கொட்டியது. மீதி 46. அவர் குடிக்கவில்லை. ஈரக் கையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவரை யாரும் ஏசவில்லை.

மூன்றே முக்காலுக்கு இறங்குகூண்டு திறந்தது. ஞானதிரவியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. வாயைத் திறந்து என்னவோ சொன்னார், அவர் குரலும் வாத்துக் குரலாக வந்தது. அவருக்கே அது வெட்கமாக இருந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டார்.

இசக்கியம்மாள் அவரைக் குழாய்க்குக் கூட்டிப்போனாள். எட்டுப் பேரில் எவன் பதில் சொல்வான் என்பது யார் கையிலும் இல்லை. ஐந்தாம் காவலன் சொல்லும்வரை கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூப்போன்ற கை. அவர் வைத்தார். "வாங்க, ஞானதிரவியம்." தண்ணீர் கொட்டியது. திரையில் இரண்டாம் காவலன். மறுபடி. ஏழாம் காவலன். ஒவ்வொரு தடவையும் கொட்டிய தண்ணீரைத் தலைக்கவசங்களில் பிடித்து ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். பன்னிரண்டாம் தடவை திரையைப் பார்த்திருந்த பெர்னாந்து, "அஞ்சு" என்றான். மீதி 45.

அதற்குப் பிறகு முன்கைகள் ஒருவரும் அசையவில்லை. அவர்களில் ஒருவர் கை பட்டு ஐந்தாம் காவலன் பதில் சொல்லிவிட்டால் பெட்டியில் பெயர் மாறிவிடும்.

தேய்ந்த கைகள் கூட்டு வாசலில் வரிசை நின்றன. சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பச்சை. "வாங்க, ஞானதிரவியம்." ஒருவர் போனார். சிவப்பு, சிவப்பு. நல்லவேளையாகப் புதிய காவலர்கள் மறுப்பதற்கு எண் குறையாது. சிலருக்கு இரண்டாம் முறையிலேயே கிடைத்தது. வள்ளிநாயகத்துக்கு இருபத்தாறு முறை. நாற்பத்தொன்றாவதாக இசக்கியம்மாள் கை வைத்தபோது மணி ஆறு பத்து. பச்சை எரிந்தது. மீதி 4. பிறகு பத்தொன்பது பேரும் அதிகாரியும் அவரவர் பெயரிலேயே நுழைந்தார்கள். அந்த இருபது பேரில் நான்கு பேருக்குப் பச்சை காட்டிவிட்டு ஐந்தாம் காவலன் மடிந்தான்.

பதினோரு மணி நேரம் கழித்துக் கூடுகள் திறந்தபோது எல்லோருக்கும் கால் இருந்தது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஞானதிரவியத்தைச் சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டுக் கதவு திறக்கவில்லை.

மருந்துக்கடையும் அவரை ஏற்கவில்லை. அவர் அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். குடியிருப்பின் பெரிய பதிவேடு மதிலடிக் கணக்கைத் தினமும் வாங்கிச் சரிபார்க்கும். ஞானதிரவியம் என்ற ஆள் ஒரே நாளில் நாற்பத்திரண்டு முறை கூட்டுக்குள் போய், மொத்தம் நானூற்று அறுபத்திரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். நெஞ்சில் குழாய் வைத்த உடம்பு அதைத் தாங்காது என்று பதிவேடு முடிவு செய்துவிட்டது. அவர் பெயருக்கு நேராக இறந்த தேதி ஏறியிருந்தது. பிழை என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கிறவர் கை வைத்துத் தன்னை அடையாளம் காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை அவர் மதில் வாசலுக்கு வந்தார். வாசலுக்கு வெளியே நாற்பத்தொரு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளாக எந்தக் கதவும் அவர்களுக்குத் திறக்கவில்லை. திருத்தம் குடியிருப்பின் எல்லா ஆளறிகளுக்கும் பரவியிருந்தது. எங்கேயும் பழைய காவலன் ஒருவனும் இல்லை.

ஞானதிரவியம் சர்க்கரை மருந்து போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இசக்கியம்மாளின் பக்கத்தில் அவர் குந்தினார். அந்த ஒரு வரியை எடுத்துவிட முடியுமா என்று மெல்லக் கேட்டார். பூட்டு விடுபட்டிருக்குமே.

"எடுத்தா கூத்தையா அண்ணன் மாதிரி இன்னொருத்தர் விழுவாரு" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "எடுக்கணும்னாலும் எந்திர ரூமுக்குள்ள எப்படிப் போவேன் சார்? உங்க பின்னாலதான வருவேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் பெர்னாந்து கை வைத்துக்கொண்டிருந்தான். "வாங்க, பெர்னாந்து." அவர் சட்டென்று எழுந்தார். தடுமாறிக்கொண்டு ஓடி, அவன் முதுகோடு ஒட்டி நின்று, தன் பூப்போன்ற கையை அழுத்தி வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு.

"இசக்கியம்மா" என்று திரும்பிப் பார்த்தார். "நான் சரியாத்தான நிக்கேன்?"

"சரியாத்தான் நிக்கிய சார்" என்றாள் அவள். "நீங்க சொன்னியன்னு அதத்தான நான் சரி பண்ணுனேன்."