வர்க்கி வெளியே போக மறுத்தது

கற்றுக்கொண்டதை நாய் மறந்துவிட்டது என்றுதான் புஷ்பவல்லி முதலில் நினைத்தாள். சமையலறையின் பின்கதவு திறந்தே கிடந்தது. காலையில் பெய்த மழை விட்டு, வெளியே நல்ல வெயில். நாய்க்குட்டி வாசற்படிவரை போனது. மூக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்தது. பிறகு அப்படியே பின்னுக்கு நகர்ந்து வந்து, அவள் கண்முன்னாலேயே சிமெண்டுத் தரையில் மூத்திரம் விட்டது. விடும்போது அது அவளைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயம். சூசைராஜ் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் துடைத்தாக வேண்டும். தங்கச் சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்தும் வேலை அவனுக்கு. மகள் நேத்ராவுக்கு விளையாட்டுத் துணையாக இருக்கட்டும் என்று அவன்தான் குட்டியைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். கொண்டுவந்த அன்றைக்கே, "கொழந்த தவழ்ற எடம் இது. ஒரு சொட்டு உள்ள உழுந்துச்சினா நாயும் இருக்காது, நாய வளக்கறவளும் இருக்க மாட்டா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கொடியில் தொங்கிய ரப்பர் ஹோஸ் துண்டு அதற்குமுன் யார் யார் முதுகில் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் அவளே பழக்கினாள். குட்டி தூங்கி எழுந்தால், பால் குடித்தால், சும்மா தரையை முகர்ந்து வட்டமடித்தால்கூடத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். சுரங்கத் தொழிலாளிகளுக்கான ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அவர்களுடையது கடைசி. பின்னால் சுவர் கிடையாது. துணி துவைக்கும் கல், அதைத் தாண்டி முள்புதர், புதருக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ஷாப்ட் ஒன்று, சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழக்குழி. அதன் வாயைக் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகையின் ஒரு மூலை எப்போதோ உடைந்து, உள்ளே கறுப்பாகத் தெரியும். அதற்கும் அப்பால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து, சாம்பல் நிறத்தில் சைனைடு மேடு. பலகை ஓரத்தில் புல் குட்டையாக இருந்ததால் குட்டியை அங்கே இறக்கிவிட்டு, "போ ராஜா, போ" என்பாள். போய் முடித்ததும் வாயில் ஒரு துண்டு வர்க்கி ரொட்டி. பேரும் வர்க்கி என்றே ஆகிவிட்டது. கொஞ்ச நாளிலேயே அதுவாகப் பின்கதவைப் பிறாண்டிக் கேட்கப் பழகியிருந்தது.

தரையைத் துடைத்துவிட்டு, என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனாள். மழை நின்று நேரமாகிவிட்டதால் மண் வெளுத்திருந்தது. வர்க்கி வழக்கமாகப் போகும் அந்த ஒரு இடம் மட்டும் முறத்தளவு நனைந்திருந்தது. வெயிலில் அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அவள் குனிந்தாள். கீழே வெடி வைத்த நாட்களில் புருஷன் சட்டையில் ஏறி வரும் புகை நாற்றம், பாசி பிடித்த இரும்பின் நாற்றம், அவற்றுக்கு அடியில் தொண்டையைக் கவ்வும் மிருக வாடை. புல் வெந்ததுபோல மஞ்சளாகிப் படிந்திருந்தது.

எருமையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் எருமையின் குளம்புத் தடம் எங்கேயும் இல்லை.

மறுநாள் அந்த ஈரம் துவைக்கும் கல்லின்மேல் இருந்தது. கல் அவள் இடுப்பு உயரம்.

வர்க்கி படியைத் தாண்டவே மறுத்தது. தூக்கிப் போனால் அவள் ரவிக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டு நடுங்கியது. அன்று மாலை சூசைராஜ் உள்ளே வந்ததும் அலமாரிக்கு அடியில் இருந்த ஈரத்தை மிதித்தான்.

அவன் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். குட்டியின் பிடரியைப் பிடித்து, அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்தான். பிறகு ஹோஸை எடுத்தான். ரப்பர் சதையில் விழும் சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரே சீராகக் கேட்டது. குட்டி ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை. அடி விழ விழ அதன் கண்கள் பின்கதவையே பார்த்தபடி இருந்தன. ஒரு கண் வீங்கி மூடிய பிறகும் மற்றது அங்கேயே நின்றது. புஷ்பவல்லி அவன் கையைப் பிடித்தாள். முழங்கை திரும்பி அவள் வாயில் இடித்தது. உதடு கிழிந்து நாக்கில் உப்புக் கரித்தது. நேத்ரா வீரிட்டு அழுதாள். அதைக் கேட்டதும் அவன் நிறுத்தினான்.

சோறு போடும்போது மெல்லச் சொன்னாள்: "அது மறக்கலங்க. பயப்படுது. பின்னாடி இன்னாமோ வந்துட்டுப் போவுது."

"மூவாயிரம் அடிக்குக் கீழ வேலை செய்யறவன் நானு," என்றான் தட்டைப் பார்த்தபடி. "மேல இருக்கறதுக்குப் பயப்படச் சொல்றியா?"

அவள் உதட்டை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவின் ஆடு செத்துக் கிடந்தது. விடிந்ததும் அந்த அம்மாள் அலறிய அலறலில் புஷ்பவல்லி ஓடினாள். ஷாப்டை மூடிய பலகையின்மேல் ஆடு மல்லாந்து கிடந்தது. தொண்டையிலிருந்து வால்வரை ஒரே கிழி. ஏதோ ஒன்று குடலை இழுத்துப் பலகையைச் சுற்றிப் போட்டிருந்தது. தலை முழுக்கப் பின்னுக்குத் திரும்பியிருந்தது. எல்லாவற்றின் மேலும் அந்த நாற்றம், அந்த ஈரம்.

"சிறுத்தைன்றாங்க," என்றாள் பார்வதம்மா. "பசிக்கு அடிச்சிருந்தா தின்னிருக்கும் இல்லமா? ஒரு வாய் தின்னல பாரு. சும்னே கிழிச்சிப் போட்டுக்கீது."

"எங்க வீட்டாண்டயும் வந்துக்கீதுக்கா. துவைக்கிற கல்லுமேல."

பார்வதம்மா அவளையும், அவள் கிழிந்த உதட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் பூதிகோட்டைக்கு மவ வூட்டுக்குப் போறேன். நீயும் கொழந்தய எடுத்துக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. அவரு கிட்ட கேட்டுக்கினு நிக்காத."

அவள் கேட்டாள். சூசைராஜ், "நாய்க்குப் பயந்து வூட்ட உட்டுப் போவியா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். பார்வதம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. அதற்கு அடுத்த வீடு, ஆள் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனதிலிருந்து காலி.

அடுத்த நாள் சாயங்காலம் பின்வாசற்படி நனைந்திருந்தது. மழை அப்போது இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அவள் படியில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை, கையில்தான் ஏறியது. பின்னால் வர்க்கி நடுங்கிக்கொண்டே சமையலறைத் தரையில் விட்டது. அதே நேரம் முன்கதவு திறந்தது.

இந்தமுறை ஹோஸை அவன் தொடவில்லை. கயிற்றை எடுத்தான்.

"வேணாங்க. அங்க வேணாம். முன்னாடி தெருவுல கட்டுங்க."

"எங்க போவணுமோ அங்கதான் கட்டணும். அப்பதான் கத்துக்கும்."

குட்டியைக் கழுத்தோடு தூக்கிக்கொண்டு போனான். பலகைக்குப் பக்கத்து முள்மரத்தில் கட்டிவிட்டுத் திரும்பி வந்து, தாழ்ப்பாளைப் போட்டான். மழை பிடித்துக்கொண்டது. இருட்டத் தொடங்கும் நேரம், கரண்ட் போனது. முன்னறையில் பாயில் தூங்கும் நேத்ராவின் தலைமாட்டில் ஒரு சிம்னி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, புஷ்பவல்லி அவனுக்குச் சோறு போட்டாள். தகரக் கூரையில் மழை ஆயிரம் ஆணிகளைக் கொட்டுவதுபோல இரைந்தது. அதையும் மீறி, ஒரு நூல்போல, குட்டியின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அது குரைத்தது. வந்த நாளிலிருந்து அது குரைத்ததே இல்லை. கீச்சுக் குரலில், ஆனால் விடாமல், தன்னைவிடப் பெரிய எதையோ பார்த்து நிறுத்தி வைப்பதுபோலக் குரைத்தது.

ஒரு கிழிபடும் சத்தம்.

மழை மட்டும்.

சூசைராஜின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது. பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். கையைக் கழுவாமல் எழுந்து டார்ச்சையும் மூலையில் இருந்த கடப்பாரையையும் எடுத்தான்.

"போவாதீங்க."

"இட்டுக்கினு வந்துடறேன்," என்றான். கதவைத் திறந்தவன் ஒரு கணம் நின்றான். "பாவம் அது."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

கதவு விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். டார்ச் வெளிச்சம் மழையைக் கீறிக்கொண்டு போனது. துவைக்கும் கல். புதர். முள்மரம். மரத்தில் கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் சிறியதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஒரு தலை. வெளிச்சம் அதன்மேல் நின்றது.

டார்ச் கீழே விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து அவன் கால்களை மட்டும், முழங்கால்வரை, காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால்கள் தரையைவிட்டு மேலே போயின. கடப்பாரை கான்கிரீட்டில் விழுந்து ஒலித்தது. எலும்பு ஒடிவதைக் காதால் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அவன் எப்படியோ விடுபட்டான். ஓடி வந்தான். வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் கிடந்ததால் அவன் உருவம் மட்டும் தெரிந்தது. உருவத்தில் ஏதோ குறைந்தது. இடது தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவனுக்குப் பின்னால், தரையோடு தரையாக, நீளமாக ஒன்று வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது.

அவள் யோசிக்கவில்லை. கை தானாகவே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளியது.

உள்ளங்கை வந்து கதவில் மோதியது. "புஷ்பா. தொற. நான்தான். புஷ்பா."

அவள் முதுகைக் கதவில் அழுத்தி நின்றாள். அவன் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அவள் எலும்பில் விழுந்தது.

"கொழந்த உள்ள கீதுங்க," என்றாள். சத்தமே வரவில்லை. மறுபடியும் சொன்னாள். "கொழந்த உள்ள கீது."

அடிப்பது நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, அவன் மூச்சு இரைந்தது.

"சரி," என்றான். "தொறக்காத."

பிறகு அவன் விரல் நகங்கள் கதவின் மேலிருந்து கீழே இழுபட்டுக்கொண்டு போயின. படியில் ஏதோ மோதியது. மீண்டும் மோதியது. ஒரு அலறல் தொடங்கிப் பாதியில் குழகுழவென்று உடைந்தது. கதவிடுக்கின் வழியாக வெதுவெதுப்பாக ஏதோ உள்ளே வந்து அவள் குதிகாலை நனைத்தது. விளக்கில்லாத சமையலறையில் அதன் நிறம் தெரியவில்லை.

யாராவது வேண்டும். யாராவது.

தூங்கும் நேத்ராவைத் தாண்டி, முன்கதவைத் திறந்துகொண்டு தெருவில் பாய்ந்தாள். பார்வதம்மா வீட்டுப் பூட்டு. காலி வீடு. அதற்கடுத்த கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். கத்தினாள். கூரை கூரையாக மழை இரைந்து அவள் குரலைத் தின்றது. எந்தக் கதவும் திறக்கவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

தன் வீட்டு வாசல். அகலத் திறந்து கிடந்தது. உள்ளே சிம்னி விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஓடினாள். சேற்றில் விழுந்தாள். எழுந்தாள். வாசற்படியில் கால் வைத்ததும் வழுக்கியது. வெதுவெதுப்பு. அந்த நாற்றம். படி முழுக்க. நிலை முழுக்க. சுவரில் அவள் தலை உயரத்துக்கு.

முன்னறையில் அது படுத்திருந்தது.

சைனைடு மேட்டின் அதே சாம்பல் நிறம். முடியே இல்லாத, மடிப்பு மடிப்பான ஈரத்தோல். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மூடி வழவழப்பாக இருந்தது. தாடையும் மார்பும் சிவந்து, சிவப்பு சொட்டிப் பாயில் ஊறிக்கொண்டிருந்தது. சூசைராஜின் சட்டைக் காலர் ஒரு பல்லில் மாட்டியிருந்தது. அது தன் நீண்ட உடம்பை நேத்ராவின் பாயைச் சுற்றி வளைத்து, குட்டி போட்ட நாயைப்போல ஒருக்களித்து, வயிற்றைக் காட்டிக் கிடந்தது. வயிற்றில் கனத்துத் தொங்கும் காம்புகள் இரண்டு வரிசை.

புஷ்பவல்லி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

அது தலையைத் தூக்கவில்லை. உதட்டை மட்டும் மெல்ல உயர்த்தியது. அந்த உறுமல் அவள் காதுக்கு எட்டுமுன் பாதத்தின் கீழே தரையில் அதிர்ந்தது. அவள் நின்றாள்.

உறுமல் அடங்கியது. சிவந்த நாக்கு நீண்டு, குழந்தையின் உச்சந்தலையை ஒருமுறை நிதானமாக நக்கியது. தலைமயிர் ஒரு பக்கமாகப் படிந்தது. நேத்ரா அழவில்லை. கண்களை மூடிக்கொண்டு, சின்னக் கை ஒன்றால் அந்தச் சாம்பல் தோலைப் பிசைந்தபடி, கன்னம் குழிய, விடாமல் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.