பின்சீட்டுத் திரை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், புளியமரத்தடியில் இருந்த மதுவிலக்குச் சாவடியில் அந்தக் கறுப்பு வாடகைக் கார் வந்து நின்றபோது வெயில் இன்னும் தாழவில்லை. ஏட்டு வேங்கடேசன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். அது பேருக்குத்தான். அவனுக்கு ருசியெல்லாம் பின்சீட்டில். பாண்டிச் சரக்கு தேடுகிற சாக்கில் திரையை விலக்கி, பொம்பளைகளின் மூட்டையைக் கிளறுவான், மடியையும் தடவுவான். தூ, அதுவும் ஒரு பிழைப்பு!

"நம்பரு பாத்துக்கோங்க, லைசென்சு பாத்துக்கோங்க சார்," என்றார் டிரைவர் தேவசகாயம். "திரையை மட்டும் எடுக்காதீங்க. குடும்பத்து ஆளுங்க."

அப்படிச் சொன்னால் விடுவானா? இழுத்தான்.

உள்ளே ஓமந்தூர்ப் பக்கத்து விவசாயி சுப்பராயலு. அவர் தோளில் முக்காடிட்ட மனைவி சாய்ந்திருந்தாள். வயிறு உப்பியிருந்தது.

"என் சம்சாரம் பாஞ்சாலிங்க. நீர் கோத்துக்கினு ஆஸ்பத்திரில இருந்தா. தொடாதீங்க சாமி."

"மாசமா கீறாளா, வயித்துல சாராய டியூப்பு கட்டிக்கினு கீறாளா?" இளித்தபடியே வேங்கடேசன் சேலைக்குள் கையை விட்டான்.

ஜில்லென்றிருந்தது.

அழுத்தினான். உள்ளே தண்ணீர் தளும்பியது.

அவள் தலை சரிந்தது. செத்தவர்கள் வாயில் இடித்து வைக்கிற வெற்றிலையின் சாறு, சிவப்பாக அவன் மணிக்கட்டில் வழிந்தது. கூடவே ஓர் அழுகல் நாற்றம். வெடுக்கென்று கையை உருவிக்கொண்டான்.

"காலையிலயே பூட்டா," என்றார் சுப்பராயலு. "பொணம்னா நிறுத்தி வெச்சிடுவீங்கன்னு ஒக்கார வெச்சிக்கினு போறேன். தலை முழுவிட்டு வீட்டுக்குப் போங்க."

வேங்கடேசன் முழுகவில்லை. குளித்தால், ஏட்டு பிணத்தைத் தடவினான் என்று சாவடியே சிரிக்குமே! நிக்கரில் கையைத் துடைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போய்விட்டான்.

வீட்டில் தேவகி நிறைமாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்காக அவன் வேண்டாத சாமியில்லை. தினமும் போலவே அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். கழுவாத அதே கை. சீ, அந்தக் கை!

"அய்ய, இன்னாங்க இப்பிடி ஜில்லுனு கீது? எதுவோ நாறுது."

விடிந்ததும் தேவகி அழுதாள். பிள்ளை அசையவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓட வண்டி தேடினான். பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு கார்தான் நின்றது. நம்பர் பிளேட்டைப் பார்த்தான். நேற்றைய அதே கறுப்புக் கார். தேவசகாயம் பின்கதவைத் திறந்துவிட்டார். தேவகியைப் பின்சீட்டில் படுக்க வைத்துத் திரையை இழுத்து மூடிவிட்டு, வேங்கடேசன் முன்னால் ஏறினான்.

சாவடியில் புதுக் கான்ஸ்டபிள் சின்னதுரை கை காட்டினான். நம்பரைப் பார்த்தான். பிறகு, ஏட்டு பழக்கியபடியே, பின்பக்கம் போனான்.

"திரையை எடுக்காதடா! உள்ள எம் பொண்டாட்டிடா!"

அதற்குள் எடுத்துவிட்டான்.

எட்டிப் பார்த்தான். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஏட்டையா," என்று குசுகுசுத்தான், "அம்மா பக்கத்துல முக்காடு போட்டுக்கினு ஒக்காந்துக்கினு கீறாங்களே, அவங்க யாருங்க?"

வேங்கடேசன் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. இடித்த வெற்றிலை வாசம் முன்சீட்டுக்கு வந்தது.

"யாருங்க ஏட்டையா அது? அம்மா சேலைக்குள்ள கைய உட்டு, வயித்த அழுத்திப் பாத்துக்கினு கீறாங்க."